சின்னபொண்ணு கட்டிய சிவப்புத் துணி

திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டு மல்லாட்டை மில்லுக்குள் நுழைந்து சின்னபொண்ணு யார் என்று கேட்டால், முப்பதைத் தாண்டி நாற்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் இடுப்பில் கூடையோடு வந்து நிற்பாள். கேட்டவர் சந்தேகத்தோடு இன்னொரு முறை பெயரைச் சொல்லிப் பார்ப்பார். வீட்டில் கடைசியாகப் பிறந்தவள் என்பதால் வைத்த பெயர் அது. வயதானதும் மாற்றிக்கொள்ள அது என்ன ரவிக்கையா? அவள் அண்ணன் பெயர் சின்னதுரை. அந்தக் குடும்பத்தில் எல்லாமே சின்னது, வாய் மட்டும்தான் பெரிது என்று அவள் புருஷன் கண்ணையன் சொல்வான். சொல்லிவிட்டுக் கைக்கு எட்டாத தூரத்தில் போய் நின்றுகொள்வான்.

கண்ணையன் வண்டிக்காரன். ஊர் ஊராகப் போய் மல்லாட்டை மூட்டை ஏற்றிவந்து மில்லில் இறக்குவான். மல்லாட்டை என்றால் மற்ற ஜில்லாக்காரர்களுக்கு நிலக்கடலை. அவன் இறக்கியதை உடைக்கிற மிஷினின் வாயில் கூடை கூடையாகக் கொட்டுவது சின்னபொண்ணுவின் வேலை. அந்த வேலை அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. வயல் வேலை மழையைப் பார்த்து வரும், மழையைப் பார்த்துப் போகும். மில் வேலை தலைக்கு மேல் தகரம் போட்ட வேலை. பருப்புப் பொறுக்குகிற பெண்களோடு பேச ஊர்வம்பு இருந்தது, பேசிக்கொண்டே மெல்ல உடைந்த பருப்பு இருந்தது. கைக்குத் தவறாமல் கூலி வந்தது. இந்த வேலை போய்விட்டால் திரும்பவும் சேற்றில் இறங்கி நாற்று நடவேண்டும் என்பதை நினைத்தாலே இடுப்பு வலிக்கிறது என்பாள்.

மிஷினை ஓட்டியது மூலையில் இருந்த ஆயில் என்ஜின். என்ஜின் சக்கரத்திலிருந்து மிஷின் சக்கரத்துக்கு அகலமான தோல் பெல்ட் ஒன்று ஓடும். சின்னபொண்ணு நின்று கொட்டுகிற இடத்தில் அவள் முழங்கைக்குப் பக்கத்திலேயே அது படபடவென்று அடித்துக்கொண்டு போகும். கடலூரிலிருந்து வந்த பாக்டரி இன்ஸ்பெக்டர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, சக்கரம் சுற்றுகிற நேரமெல்லாம் அதைச் சுற்றிக் கூண்டு இருந்தாக வேண்டும், இது சர்க்கார் சட்டம் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். முதலாளி தாண்டவராயனும் தட்டாமல் பட்டறையில் சொல்லிக் கம்பிக் கூண்டு செய்து மாட்டினார். உறுதியான கூண்டு, ஆடு முட்டினாலும் அசையாது.

அதுதான் வினையாகப் போயிற்று. அந்த வருஷமே முதலாளி சேலத்திலிருந்து ஓர் ஒட்டு மாங்கன்று கொண்டுவந்து மில்லுக்குப் பின்புறம் தன் வீட்டுத் தோட்டத்தில் வைத்தார். திண்டிவனத்து ஆடுகளுக்குச் சேலத்து மாந்தளிர் என்றால் தனி ருசி. கன்று ஒருதரம் மொட்டையானது, முதலாளிக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் பார்த்தால் கூண்டு பெல்ட்டை விட்டுவிட்டு மாங்கன்றைச் சுற்றி நின்றது.

இன்ஸ்பெக்டர் ரயிலிறங்கிவிட்டார் என்று ஸ்டேஷன் பக்கமிருந்து தகவல் வந்தால் மேஸ்திரி மாரியப்பன் தோட்டத்துக்கு ஓடுவான். கூண்டு மில்லுக்கு வரும். அவர் தலை மறைந்ததும் மாங்கன்றுக்கே திரும்பிப் போகும். பிறகு அவர் வருவதே அபூர்வமாகிவிட்டது. முதலாளியின் மனைவி ராஜாமணி அம்மாள் சும்மா நிற்கிற கம்பியைப் பார்த்துவிட்டு அதன்மேல் அவரைக்கொடியை ஏற்றிவிட்டாள். கொடி படர்ந்த பிறகு அது மில்லுக்குச் சொந்தமான பொருள் என்பதே எல்லோருக்கும் மறந்துபோனது. இவ்வளவு வாய் பேசுகிற சின்னபொண்ணுவுக்கும் மறந்துதான் போனது. தினம் பார்க்கிற பாம்பு கயிறாகத்தான் தெரியும்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் பங்குனியில் அந்தக் கயிறு கடித்தது. களத்தில் மல்லாட்டை மலைபோல் குவிந்து கிடந்தது. சின்னபொண்ணுவோடு சேர்ந்து கொட்டிக்கொண்டிருந்த அம்மணி கூடையைத் தூக்கத் திரும்பினாள். முந்தானை காற்றில் பறந்தது. பெல்ட் அதை லபக்கென்று பிடித்து இழுத்தது. அம்மணி சுழன்று போய்ச் சக்கரத்தின் பக்கம் சாய, சின்னபொண்ணு கூடையைப் போட்டுவிட்டு அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பின்னால் விழுந்தாள். நல்லவேளை, சேலை கிழிந்தது. பாதிச் சேலை பெல்ட்டோடு போய்ச் சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. என்ஜின் ஓட்டுகிற மீரா சாகிப் பாய்ந்துவந்து என்ஜினை நிறுத்தினார். அம்மணிக்கு முழங்கையில் தோல் வழண்டதோடு போயிற்று. முதலில் அழுதாள், பிறகு பாவாடையோடு நிற்கிற தன்னைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு மறுபடி அழுதாள். சின்னபொண்ணு சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. பெல்ட் இருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் சோறு பொங்கும்போது அவளுக்கு விழுப்புரம் நினைவு வந்தது. அவள் பிறந்த ஊர் அது. அண்ணன் சின்னதுரை அங்கே ரயில்வே லோகோ ஷெட்டில் கலாசி, என்ஜினைத் துடைத்து முடுக்குகிற ஆள். கல்யாணத்துக்கு முன்பு அவனுக்குக் கேப்பைக் கூழ் கொண்டுபோவது அவள்தான். ஒரு நாள் போனபோது ஓர் என்ஜினின் முகத்தில் சிவப்புத் துணி ஒன்று கட்டியிருந்தது. வண்டிக்கு நேரமாகிறது என்று தொப்பி வைத்த துரை ஒருவர் குதித்துக்கொண்டிருந்தார். ஆனால் ஒருவரும் அந்த என்ஜினைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதன் அடியிலிருந்து கரிபூசிய உருவமாகச் சின்னதுரை ஊர்ந்து வந்தான். கையைத் துடைத்தான். சாவகாசமாகப் போய்த் துணியை அவிழ்த்தான். அப்புறம்தான் துரை வாயை மூடினார். அடியில் வேலை செய்கிறவன் கட்டுகிற துணி அது, கட்டினவன்தான் அவிழ்க்கவேண்டும், லாட் சாகிப் வந்தாலும் தொடக்கூடாது என்று கூழைக் குடித்துக்கொண்டே அண்ணன் சொன்னான். அன்றைக்குத் தன் அண்ணன் துரையைவிட உசரமாகத் தெரிந்தான் என்பாள் சின்னபொண்ணு.

மறுநாள் காலையில் அவள் மில்லுக்கு வந்ததும் மேஸ்திரியிடம் கூண்டைக் கேட்டாள். முதலாளி புதுச்சேரிக்குப் போயிருக்கிறார், மத்தியானம் வருவார், வந்ததும் கேட்டுக்கொள்ளலாம், இப்போது மிஷின் ஓடட்டும் என்றான் மாரியப்பன். அவள் நிற்காவிட்டால் வேறு ஆளை நிறுத்துகிறேன் என்றும் சேர்த்துக்கொண்டான்.

"கூண்டு வர்ற வரைக்கும் நானும் நிக்க மாட்டேன், வேற யாரையும் நிக்க உட மாட்டேன்" என்றாள் சின்னபொண்ணு. சக்கரத்தில் நேற்றுச் சுற்றிக்கொண்ட சேலையை அறுத்தெடுத்து யாரோ மூலையில் போட்டிருந்தார்கள். நல்ல சிவப்பு. அதில் ஒரு முழம் கிழித்துச் சக்கரத்துக்கும் தூணுக்கும் சேர்த்து இறுக்கிக் கட்டினாள். கட்டினவள்தான் அவிழ்க்கணும் என்று சொல்லிவிட்டுப் பொறுக்கும் பெண்களோடு போய் உட்கார்ந்தாள்.

மாரியப்பன் அதைப் பிடுங்கி எறியத்தான் போனான். கிட்டப் போனதும் கை அந்தரத்தில் நின்றது. துணியில் மஞ்சள் தண்ணீர்க் கறை இருந்தது, நடுவில் குங்குமமும் அப்பியிருந்தது. இது யார் சேலை என்று கேட்டான். அம்மணி உள்ளதைச் சொன்னாள். மாசி மாதம் மேல்மலையனூர் அங்காளம்மன் திருவிழாவுக்குக் கட்டிக்கொண்டு போன சேலை. மாரியப்பன் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டான். பெயரிலேயே மாரியை வைத்திருப்பவன் அவன். வேறு யாரையும் விட அவனுக்குத்தான் அம்மன் பயம் அதிகம்.

கோட்டக்குப்பத்துக்காரரான மீரா சாகிப்பைக் கூப்பிட்டுப் பார்த்தான். "உங்க சாமி சமாச்சாரத்துல என்ன எதுக்கு இஸ்துக்கினு போற மேஸ்திரி, பேஜாரு" என்று அவர் எண்ணெய்த் துணியால் என்ஜினைத் துடைக்கப் போய்விட்டார். கூண்டு தோட்டத்துக்குப் போன புதிதில் அவரும் சொல்லிப் பார்த்து அலுத்தவர். உள்ளுக்குள் அவருக்குச் சந்தோஷம்.

சின்னபொண்ணு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வாயே திறக்கவில்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்தால் எடுத்துத் துடைத்து வைப்பாள் எவள்? அம்மனே கேட்டதாக இருக்கட்டும், கூண்டு வந்தால் சரி என்று நினைத்துக்கொண்டு முறத்தைப் புடைத்தாள்.

முதலாளி வந்து இறங்குவதற்குள் கதைக்குக் கையும் காலும் முளைத்துவிட்டது. வாசலிலேயே மாரியப்பன் எதிர்கொண்டு, சின்னபொண்ணுமேல் ஆத்தா வந்திறங்கி மிஷினைக் கட்டிப்போட்டிருக்கிறாள் என்று சொன்னான். சொன்ன வேகத்தில் அவனே நம்பியும் விட்டான். தாண்டவராயன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற மனிதர். துணியைப் பார்த்துக் கும்பிட்டார். பூசணிக்காய் கொண்டுவா, எலுமிச்சம்பழம் கொண்டுவா, கற்பூரம் கொண்டுவா என்று ஆளை விரட்டினார். வீட்டிலிருந்து ராஜாமணி அம்மாளும் தாம்பாளத்தோடு வந்துவிட்டாள். பெண்கள் எழுந்து ஓரமாக நின்றார்கள்.

இப்போது சொல்வார் கூண்டைக் கொண்டுவா என்று சின்னபொண்ணு காத்திருந்தாள். அவர் சொன்னதோ வேறு. பூசணிக்காயைச் சுற்றி உடைத்துவிட்டு, ஆத்தாள் துணியை மரியாதையாக அவிழ்த்துப் பூசை அறையில் வைத்துவிட்டு, மிஷினை ஓட்டலாம் என்றார். அம்மனுக்குச் செய்யவேண்டியதைச் செய்தாயிற்று என்றால் அப்புறம் என்ன குறை? கூண்டைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. மாங்கன்று பத்திரமாக இருந்தது.

அதோடு விடவில்லை. கற்பூரம் ஏற்றிய தட்டை அவளிடமே நீட்டி, "தாயே, ஒன் கையாலயே சுத்திப் போட்டுடு. நீ இந்த மில்லுல எத்தினி வருசம் வேணும்னாலும் இருக்கலாம்" என்றார்.

சின்னபொண்ணு தட்டை வாங்கிக்கொண்டாள். முதலாளி வாயால் தாயே என்று கேட்டது அவளுக்குக் குளிரத்தான் குளிர்ந்தது. மூன்று சுற்றுச் சுற்றினால் போதும். வேலைக்கு வேலையும் நிலைக்கும், மரியாதைக்கு மரியாதையும் கிடைக்கும். உண்மையைச் சொன்னாலோ அத்தனை பேர் முன்னால் முதலாளியை முட்டாளாக்கினவள் என்று இன்றைக்கே வெளியே போகவேண்டியதுதான், நாற்றங்கால்தான். திரும்பிப் பார்த்தாள். அம்மணி ராஜாமணி அம்மாளுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு கட்டுப்போட்ட முழங்கையை மற்றக் கையால் தாங்கி நின்றிருந்தாள். பூசை முடிந்ததும் அந்தக் கை இந்தப் பெல்ட்டுக்குப் பக்கத்தில்தான் கூடை தூக்கும். சின்னபொண்ணு தட்டைச் சுற்றாமல் முதலாளி பக்கம் திரும்பினாள்.

"மொதலாளி, இது ஆத்தா கட்டல" என்றாள். "நான்தான் கட்னேன். நேத்து அம்மணிய பெல்ட்டு இஸ்துக்கினு போச்சி. கூண்ட கொண்டாந்து மாட்டுங்க. மாட்டிட்டா நானே அவுக்கறேன்."

முதலாளியின் முகத்தில் பக்தி வடிந்து கோபம் ஏறியது. கும்பிட்ட கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் இடுப்பில் வைத்தார். சாமி பேரைச் சொல்லி ஏமாற்றினாயா என்று கத்தினார். சாமி பேரைத் தான் சொல்லவில்லை, மேஸ்திரிதான் சொன்னான் என்றாள் அவள். அது காய்ந்த எண்ணெயில் தண்ணீர் ஊற்றியதுபோல் ஆயிற்று. நாளையிலிருந்து இந்தப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டு, துணியைத் தானே பிடுங்கக் கையை நீட்டினார்.

அப்போது அம்மணி தன் கூடையை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். சின்னபொண்ணு வராத இடத்துக்குத் தானும் வரவில்லை என்று முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது. அவள் பின்னால் பருப்புப் பொறுக்குகிற இருதயமேரி போனாள். பொறுக்கும் பெண்கள் ஒவ்வொருத்தியாக முறத்தைக் கையில் எடுத்தார்கள். அதற்குள் மீரா சாகிப், கூண்டில்லாமல் ஓட்டி நாளைக்கு ஒன்றுகிடக்க ஒன்று ஆனால் கடலூர் ஐயாவிடம் தான் உள்ளதைத்தான் சொல்லவேண்டியிருக்கும் என்று என்ஜினைப் பார்த்தபடியே சொன்னார்.

ராஜாமணி அம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெல்ட் எப்படி இழுத்தது என்று கேட்டாள். அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அம்மணியைக் கூப்பிட்டு முழங்கைக் கட்டை அவிழ்க்கச் சொல்லிப் பார்த்தாள். சேலையில் மீதியிருந்த துண்டையும் பார்த்தாள். எந்தக் கூண்டு என்று அடுத்தபடியாகக் கேட்டாள். இருதயமேரி கையை நீட்டித் தோட்டத்தைக் காட்டினாள். அந்த அம்மாளின் முகம் சுருங்கிப்போனது. நேரே கொல்லைக்குப் போனாள். பூவும் பிஞ்சுமாகக் காய்க்கத் தொடங்கியிருந்த அவரைக்கொடியைத் தானே வளர்த்த கையால் பிய்த்துப் போட்டாள். கூண்டைப் பிடித்து ஆட்டினாள், அது வரவில்லை. பெண்கள் ஓடிப்போய் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தேர் இழுப்பதுபோல் ஒரே கும்மாளம்.

அதுவரை சின்னபொண்ணு கையில் தட்டோடுதான் நின்றாள். கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ராஜாமணி அம்மாள் அதைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"ஏத்துன கற்பூரம் வீணாப் போவாணாம். இது மேல கைய வச்சி சொல்லுங்க. கூண்டு இனிமே எடத்த உட்டு நவுறாது. துணி கட்றவள வேலைய உட்டு நிறுத்தறதில்ல. கட்டினவங்கதான் அவுக்கணும்."

அத்தனை பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கற்பூரத்துக்கு முன்னால் முடியாது என்று சொல்லத் தாண்டவராயனுக்கு எங்கே தைரியம்? சுடர் அணையும்படி உள்ளங்கையை வைத்து மூன்றையும் சொன்னார். கடைசிச் சொல்லைச் சொல்லும்போது கை சுட்டுவிட்டது. மீரா சாகிப் கூண்டை மாட்டி முடுக்கினார். சின்னபொண்ணு போய்த் துணியை அவிழ்த்தாள், தன் அண்ணன் அவிழ்த்த அதே சாவகாசத்தோடு. வாங்கி வந்த பூசணிக்காயை ராஜாமணி அம்மாள் எல்லோருக்கும் பங்கு போட்டுக் கொடுத்தாள். திண்டிவனத்தில் அன்றைக்குப் பல வீடுகளில் பூசணிக்காய்க் குழம்பு. கண்ணையன் இரண்டுதரம் சோறு போட்டுக்கொண்டு, ஆத்தா உடம்பை விட்டுப் போய்விட்டாளா, அடிக்காமல் இருப்பாயா என்று விசாரித்தான். எட்டத்தில் உட்கார்ந்துதான் விசாரித்தான்.

அந்த வாரமே ஆடுகள் மாங்கன்றை வேர் தெரியத் தின்றன. முதலாளி மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு வேறொரு கன்று வைத்துச் சுற்றிலும் முள் வேலி கட்டினார். முள்ளுக்கா அந்தச் சீமையில் பஞ்சம்? முதல் நாளே செய்திருக்கலாம். ஆனால் கம்பிக் கூண்டின் அழகு முள்ளுக்கு வருமா என்று அவர் நினைத்திருக்கவேண்டும்.

சிவப்புத் துணி என்ஜின் பக்கத்து ஆணியில் தொங்கியது. சக்கரத்தில் வினோதமான சத்தம் வந்தால், தரையில் எண்ணெய் வழிந்து வழுக்கினால், பார்த்தவள் எடுத்துக் கட்டுவாள். மிஷின் நிற்கும். மீரா சாகிப் சரிசெய்வார். கட்டினவள் பார்த்துத் திருப்திப்பட்டு அவிழ்ப்பாள். ஒருதரம் அம்மணி ரோட்டில் போன கல்யாண ஊர்வலத்தைப் பார்ப்பதற்காகக் கட்டிவிட்டாள். அன்றைக்குச் சின்னபொண்ணு அவளைத் திட்டிய திட்டு மயிலம் வரைக்கும் கேட்டிருக்கும். பொய்க்குக் கட்டினால் நிஜத்துக்குக் கட்டும்போது எவன் நம்புவான் என்பது அவள் கட்சி. அப்புறம் யாரும் விளையாட்டுக்கு அதைத் தொட்டதில்லை.

வருஷங்கள் போயின. அறுபத்துநாலில் முதலாளி பெரிய மிஷின் ஒன்று வாங்கிப் போட்டார். ஒரு நாள் காலையில் அதன் சக்கரம் டொக் டொக் என்று தட்டுவது அவர் காதில்தான் முதலில் விழுந்தது. என்ஜினை நிறுத்தச் சொன்னார். யாரையும் கேட்காமல் ஆணியிலிருந்த துணியை எடுத்துத் தானே கட்டினார். கட்டிவிட்டு, விழுப்புரத்தில் மைத்துனர் மகளுக்கு நிச்சயதார்த்தம் என்பது நினைவுக்கு வர, அவசரமாக ரயிலுக்குப் போய்விட்டார்.

மீரா சாகிப் சக்கரத்தில் தேய்ந்திருந்த ஆணியை மாற்றி முடுக்கிச் சரிசெய்துவிட்டார். ஆனால் மிஷின் ஓடவில்லை. பெண்கள் களத்தில் உட்கார்ந்து மல்லாட்டை மென்றபடி ஊர்க்கதை முழுவதையும் பேசி முடித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். மாரியப்பன் துணியைச் சுற்றிச் சுற்றி வந்தான், தொடவில்லை. பொழுது சாயும் நேரத்தில் தாண்டவராயன் வெற்றிலை போட்ட வாயோடு வந்து சேர்ந்தார். காலையில் குவித்த குவியல் குவித்தபடியே இருந்தது. பாய் சரிசெய்யவில்லையா, ஏன் ஒருவரும் வேலை செய்யவில்லை என்று சத்தம் போட்டார். சரிசெய்தாயிற்று என்றார்கள். அப்புறம் என்ன கேடு என்று சின்னபொண்ணுவைக் கேட்டார்.

"நீங்க கட்னது மொதலாளி" என்றாள் சின்னபொண்ணு. "எங்க கை அதும்மேல படலாமா?"

தாண்டவராயன் அன்றைக்குக் கற்பூரம் சுட்ட உள்ளங்கையைத் தடவிக்கொண்டார். பிறகு போய்க் கூண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், அப்புறம்தான் துணியை அவிழ்த்து மடித்து ஆணியில் மாட்டினார். மீரா சாகிப் என்ஜின் பக்கம் போனார். அவர் அதைக் கிளப்புவதற்குள் முதலாளியே களத்தைப் பார்த்துத் திரும்பி, எல்லோரும் முந்தானையை இடுப்பில் செருகியாயிற்றா என்று உரக்கக் கேட்டார்.